அது யார் குரல்

சாப்பிட உட்காருமுன் உம்மே ஹானி கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பீபி ஜான் அதைப் பார்த்தாள். இடது மணிக்கட்டின் உட்பக்கம் வரிசையாக நாலு தடம், வெளிப்பக்கம் ஒன்று. சிவந்து, ஓரத்தில் லேசாக நீலம் பாரித்திருந்தது. கொசுக்கடி இல்லை, வேர்க்குரு இல்லை. விரல். யாரோ இறுக்கிப் பிடித்த விரல்.

"இன்னாடி இது?" என்று குழாயை மூடினாள். மகள் குழாயைத் திறந்தாள். கை கழுவ ஆரம்பித்தால் கழுவி முடித்தாக வேண்டும் அவளுக்கு. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவாள். பீபி ஜான் பொறுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்தாள். உம்மே ஹானி அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

"புடிக்காதீங்க. வலிக்குது. நானே வரேன்."

அடுப்பங்கரையில் அவளை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. பின்னே எதற்கு இந்த 'நானே வரேன்'? இந்தப் பேச்சு இங்கே பிறந்தது இல்லை. வேறு எங்கேயோ, வேறு யாரிடமோ பேசிவிட்டு வந்தது.

உம்மே ஹானியை அறியாதவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கலாம். இருபத்திரண்டு வயதாகியும் அவள் பேசுவதெல்லாம் இரவல் பேச்சு. பசித்தால் "சூடா சமோசே, சமோசே" என்று தெருவில் போகிறவன் குரலிலேயே கத்துவாள். தூக்கம் வந்தால் டிவியில் செய்தி முடிக்கும் பெண்ணைப் போல வணக்கம் சொல்லுவாள். பயந்துபோனால் கிரிவலப் பாதை ஒலிபெருக்கியின் கரகரப்போடு "குழந்தையைத் தவறவிட்டவர்கள் தகவல் மையத்துக்கு வரவும்" என்பாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வார்த்தை பீபி ஜானுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மகள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொந்தக்காரர் யார் என்று அவளுக்கு அத்துப்படி. இப்படித்தான் ஒருநாள் படுக்கையில் தலையணையைப் பார்த்து, "கைய நீட்டு. அழுதா ஜாஸ்தி கிடைக்கும்" என்று மகள் சொல்ல, குரல் கணக்கு டீச்சருடையது என்று கண்டுபிடித்து, மறுநாளே அந்தப் பள்ளிக்கூடத்தை அதிரவைத்துவிட்டு மகளை அழைத்து வந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் மறைக்கும், பயந்து பொய் சொல்லும். உம்மே ஹானிக்கு அது தெரியாது. கேட்டதைக் கேட்டபடி கொண்டுவந்து கொட்டிவிடுவாள்.

இப்போது கொட்டியிருக்கும் இந்தக் குரல் யாருடையது? அதுதான் பிடிபடவில்லை. ஆண் குரலும் இல்லை, அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒருத்தர் சாயலும் அதில் இல்லை. இத்தனை வருஷத்தில் முகவரி தெரியாத ஒரு வாக்கியம் இந்த வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை.

ராத்திரி மெத்தைக் கடையைச் சாத்திவிட்டு, தலையெல்லாம் இலவம்பஞ்சோடு வந்த கணவர் மக்பூலிடம் சொன்னாள். அவர் மகளின் கையைப் பார்த்தார். முகம் மாறியது, ஆனாலும் அவருடைய சுபாவம் விடவில்லை.

"வேலையில துணி மூட்டை தூக்கும்போது கயிறு அழுத்திருக்கும். நீ மய்யத்து வீட்டுக்குப் போனாகூட பொணத்துக்கு மூச்சு இருக்கானு பாத்துட்டுதானே உக்காருவ."

"கயிறு நாலு விரலாட்டமா அழுத்தும்? உங்க சிநேகிதத்துல கிடைச்ச வேலதானே, அப்பிடித்தான் பேசுவீங்க."

அது உண்மைதான். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்கு மெத்தை, தலையணை எல்லாம் மக்பூல்தான் கொடுக்கிறார். அந்தப் பழக்கத்தில் மகளுக்கு வந்த வேலை. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து அடுக்க வேண்டும். உம்மே ஹானிக்குப் பிடித்த காரியம்; முனையோடு முனை சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாள். விடுதி முதலாளியம்மா ஒரு தொண்டு அமைப்பிலிருந்து சாம்பவி என்ற பெண்ணை வரவழைத்து வாரம் ஒருமுறை பயிற்சியும் கொடுக்க வைத்தாள். எல்லாரும் மெச்சினார்கள். பீபி ஜானுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உறுத்தல். கை கால் சுகமாக இருக்கிற பெண்கள் வேலை கேட்டு வாசலில் நிற்கும்போது, இவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பானேன்? ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க எல்லாம் சேர்ந்து வந்தது. வேலை செய்யும் அறையில் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டார்கள். கேட்டதற்கு, அதன் ரீங்காரம் உம்மே ஹானிக்குத் தலைவலி தருகிறது என்றார்கள். நமக்குக் கேட்காத ரீங்காரம் இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? இருட்டு வேண்டும் என்பதற்குச் சாக்கு. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். கதவு படீரென்று சாத்தினால் பதறுகிறாளாம். பதறட்டுமே, பதறினால்தானே நாலு பேருக்குத் தெரியும்? அறையும் கொல்லைப்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அவளோடு அங்கே இருப்பது துணி தேய்க்கும் சுப்பிரமணி ஒருவன்தான். பீபி ஜான் எழுந்து உட்கார்ந்தாள். இதையெல்லாம் சிரித்த முகத்தோடு வேறு சொன்னார்களே!

மறுநாள் வழக்கம்போல ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போய் விடுதி வாசலில் விட்டாள். விட்டவள் திரும்பவில்லை. வாட்ச்மேனிடம் தண்ணீர் கேட்டாள். அவன் சொம்பை நீட்டும்போது கையைப் பார்த்தாள். மொந்தன் பழம் மாதிரி விரல்கள்; அந்தத் தடத்துக்கு இது ஜாஸ்தி. சமையல்காரன் கறிவேப்பிலை வாங்க வெளியே வந்தான். அவன் கையையும் பார்த்தாள். அதுவும் ஒத்துவரவில்லை. ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையையும் அவள் விடவில்லை. மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, வருகிற போகிறவர் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவளை, யாரோ ரேகை பார்க்கிற அம்மா என்று நினைத்து ஒரு பெண் நெருங்கி வந்து கையை நீட்டினாள். பீபி ஜான் அவளை முறைத்து அனுப்பினாள்.

பொழுது சாயுமுன் சுப்பிரமணி டீ குடிக்க வந்தான். ஒல்லி ஆள். கிளாசைச் சுற்றியிருந்த விரல்கள் மெல்லியவை, சின்னவை. இது ஒத்துவரும் என்று பட்டது பீபி ஜானுக்கு.

"பாப்பாவ கூட்டினு போவ சீக்கிரமே வந்துட்டீங்களா?" என்று கேட்டான். சிரித்தான். அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது அவளுக்கு.

அவன் உள்ளே போனதும் பின்னாலேயே போனாள். அறையில் மங்கலான வெளிச்சம். ஒரு மூலையில் சாம்பவி தரையில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் வரும் நாள் போலும். உம்மே ஹானி ஜன்னலோரம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"எம் பொண்ணு கைய எதுக்குடா புடிச்ச?"

அவன் பெட்டியைப் பிடித்தபடியே நின்றான். "இன்னாம்மா சொல்றீங்க?"

"இருட்டுல வச்சி, காத அடச்சி, இன்னா பண்றீங்க எம் பொண்ண? அவளுக்குச் சொல்லத் தெரியாதுனு நெனச்சீங்களா? எல்லாம் சொல்லிட்டா. புடிக்காதீங்க, வலிக்குதுனு கெஞ்சிருக்கா. எங்க இழுத்துனு போன அவள?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று சாம்பவி எழுந்தாள்.

"நீ சும்மா இரு. வந்து பாரு இத. கயிறா இது?" பீபி ஜான் ஜன்னலோரம் போய் மகளின் இடது கையை எட்டிப் பிடித்தாள். தூக்கிக் காட்டத்தான் பிடித்தாள். உட்பக்கம் நாலு விரல், வெளிப்பக்கம் கட்டைவிரல். நாலும் அந்த நாலு தடத்தின் மேல் உட்கார்ந்தன. கட்டைவிரலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இம்மி விலகவில்லை.

உம்மே ஹானி மடித்துக்கொண்டிருந்த விரிப்பைப் பார்த்துச் சொன்னாள். "புடிக்காதீங்க. வலிக்குது. நானே வரேன்."

சாம்பவி பீபி ஜானின் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"அது யாரும் சொல்லிக்குடுத்த பேச்சு இல்லீங்க. அவளே சேத்தது. ரெண்டு மாசமா அட்டைய வச்சி பழக்கிட்டு இருக்கோம், ஒவ்வொரு அட்டையில ஒரு பேச்சு. புடிக்காதீங்க, வலிக்குது, இந்த ரெண்டையும் எடுத்து முன்னாடி வச்சா. நானே வரேன்னு மூணாவதா ஒண்ண ஏன் வச்சானு எங்களுக்குப் புரியல. யார்கிட்ட சொல்லணும்னு கேட்டேன். வாசல் பக்கம் கைய காட்டினா."

"வாசலா?"

"ஆமா. வாட்ச்மேனா இருக்குமோனு ஒரு வாரமா அவரத்தான் கவனிச்சிட்டு இருந்தோம். இல்லனா வீட்லயானு..." சாம்பவி நிறுத்தினாள். "இன்னிக்கு உங்ககிட்டயே கேட்டுடலாம்னு இருந்தேன்."

வாசல்வரை தினமும் அவளைக் கொண்டுவந்து விடுவது யார் என்று பீபி ஜானுக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரன் எதிர்ப்பக்கம்தான் நிறுத்துவான். இறங்கியதும் செங்கம் ரோட்டைத் தாண்ட வேண்டும். பஸ்ஸும் லாரியும் விரட்டிக்கொண்டு வரும். அந்த ரோடு கண்ணில் பட்டதும் அவள் கை தானாகப் போய் அந்த மணிக்கட்டைப் பற்றும், வாசல்வரை விடாது. மாலையிலும் அப்படியே. இறுக்குகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் இந்தக் கைதான் நழுவியது. அன்று ஜனங்களை விலக்கிக்கொண்டு, செருப்பு எங்கே போனதென்று தெரியாமல் ஓடி, கடைசியில் அடி அண்ணாமலையில் ஒரு பொரிக்கடை வாசலில் அவளைக் கண்டுபிடித்தபோது, இனி ஆயுசுக்கும் விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

கையை எடுத்தாள். எடுத்த இடம் வெளுத்துப்போய், பிறகு சிவந்தது. ஒரு குரல் விடாமல் அடையாளம் கண்டவளுக்கு, பெற்ற மகளின் சொந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. அதைக் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்? ரெண்டு மாதம் பாடுபட்டு உம்மே ஹானி தன் வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு பேச்சைத் தானாகச் சேர்த்து, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டவள் அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் ஆள் தேடினாள்.

சுப்பிரமணி இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தான். மேஜையில் பாதி தேய்த்த விரிப்பு அப்படியே கிடந்தது. அவளைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு போனான். அவளுடைய துணிகூடத் தன் மேல் படக்கூடாது என்பது போல.

"அண்ணே" என்றாள் பீபி ஜான். அவன் நிற்கவில்லை.

சாம்பவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நாளைக்கு அனுப்புவீங்க இல்ல?" என்று கேட்டாள். பீபி ஜான் தலையை ஆட்டினாள். அனுப்புகிறேன் என்றா, தெரியவில்லை என்றா, சாம்பவிக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்கவும் தைரியம் வரவில்லை. உம்மே ஹானி மட்டும் விட்ட இடத்திலிருந்து விரிப்பை மடித்து, முனைகளைச் சேர்த்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் பௌர்ணமி. முந்தின நாளே வெளியூர் ஜனம் வர ஆரம்பித்துவிட்டதால் செங்கம் ரோட்டில் வண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, நகர்ந்தன. சந்து முனையில் பீபி ஜானின் கை வழக்கம்போல எழுந்தது. அதை அவள் இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள். பக்கத்தில் மகளின் துப்பட்டா காற்றில் உரசியது. அதையும் அவள் பிடிக்கவில்லை. "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள். ஹாரன் சத்தத்தில் அது மகளுக்குக் கேட்டிருக்காது.

உம்மே ஹானி ரோட்டோரம் நின்றாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். பிறகு திரும்ப வலது பக்கம் பார்த்தாள். யார் பழக்கினார்களோ, எத்தனை நாள் பழக்கினார்களோ. ஒரு லாரி போகும்வரை பொறுத்து, இறங்கி, ஓடாமல் நடந்தே தாண்டினாள். பீபி ஜான் பின்னாலேயே காலை வைத்தாள். ஒரு வேன் அலறிக்கொண்டு வந்தது; காலை இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தாள். யாரையும் பிடிக்காமல் இந்த ரோட்டைத் தாண்ட அவளுக்கு வரவில்லை.

வெளியூர் பஸ் ஒன்று குறுக்கே வந்து மறைத்தது. ஜன்னலெல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிடும் கைகள். பஸ் நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் மகள் தெரிந்தாள். ரோட்டைப் பார்க்காமல், அம்மாவைப் பார்க்காமல், தலை குனிந்து இடது மணிக்கட்டை மெல்லத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த பஸ் வந்து மறைத்தது.