ஹார்ன் அடிக்காத சனிக்கிழமை

முதல் ஹார்னை அடித்தது நெவில்தான். உள்ளூர் அணிக்காரன் லாக்லன் அடித்த பந்து புல்லில் விறுவிறுவென்று உருண்டு வந்தபோது, அவர் கை தானாகவே ஸ்டியரிங்கின் நடுவில் போய் அழுந்தியது. உடனே பக்கத்தில் நின்ற பாஸ்கோவின் வண்டி கத்தியது. பிறகு, வேலியைச் சுற்றி மைதானத்துக்குள் மூக்கை நீட்டி நின்ற அத்தனை வண்டிகளும், கோதுமை ஏற்றும் லாரி உட்பட, ஒன்றாக ஊளையிட்டன. குர்ராபின் ஊரில் குளிர்காலக் கால்பந்து பருவம் முழுக்க இப்படித்தான். குளிருக்குப் பயந்து யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். கோல் விழுந்தால் கைதட்டலுக்குப் பதில் ஹார்ன். கோடையிலும் கைகள் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை.

ஆனால் இன்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் தெரியாது. பந்துக்குள் கிடக்கும் இரும்புத் துணுக்குகளின் கிலுகிலுப்பைக் காதால் பின்தொடர்ந்துதான் அவர்கள் ஓடினார்கள், குனிந்தார்கள், மட்டையை வீசினார்கள். ஹார்ன் அலறியதும் அந்தச் சத்தம் அறுந்துபோயிற்று. பந்தைத் தேடி வந்த மெல்போர்ன் அணி இளைஞன் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் சுற்றினான். ரன்னுக்கு ஓடிய லாக்லன் பாதை தவறிப்போய் அவன்மேல் மோதினான். இருவரும் விழுந்தார்கள். ஹார்ன்கள் ஓய்ந்தபோது அந்த இளைஞன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், விரல்களுக்கிடையில் ரத்தம்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மெல்போர்னிலிருந்து வந்திருந்த, பார்வையற்றோர் கிரிக்கெட் சங்கத்துப் பெண்மணி பிலிப்பா, நெவிலின் மகள் கீலியைத் தேடி வேலியோரம் வந்தார். வண்டியின் கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு முழுவதும் நெவிலின் காதில் விழுந்தது.

"உன் ஊர் மேல எனக்கு மதிப்பு இருக்கு, கீலி. ஆனா பந்து சத்தம் கேக்காத எடத்துல இவங்கள நிக்க வெக்க முடியாது. இன்னொரு ஹார்ன் கேட்டுச்சுன்னா அதோட நிறுத்திடுவேன். அடுத்த வருஷம் போட்டி பழையபடி மெல்போர்ன்லதான்."

"கேக்காது," என்றாள் கீலி.

"எப்படிச் சொல்ற?"

"நான் பேசறேன் அவங்ககிட்ட."

நெவில் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு சனிக்கிழமைக்காக அவள் எத்தனை பேரிடம் போய் நின்றாள் என்பது அவருக்குத் தெரியும். மாவட்ட மன்றத்தில் ஊர் மேம்பாட்டு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே பேச்சு. பாங்க் மூடிவிட்டது, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், ஆட்கள் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று மன்றத்தில் சொல்வாள். கண் தெரியாதவர்கள் நகரத்தில் மட்டும் பிறப்பதில்லை என்று சங்கத்துக்குச் சொல்வாள். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு என்று தோன்றும். இரண்டும் ஒரே பேச்சுதான் என்று நெவிலுக்குப் புரிய நாளாயிற்று. கண் தெரியாத அவள் தம்பி ஜாரட்டுக்கு ஆட இந்தப் பக்கம் எங்கும் இடமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மெல்போர்ன் போக வேண்டியிருந்தது. அப்படி ஓர் ஆட்டம் முடிந்து, நண்பனின் வேனில் திரும்பி வருகையில், நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். இருபது வயது முடிந்திருக்கவில்லை.

கீலி ஜன்னலில் கை வைத்தாள்.

"மொத ஹார்ன் நீதானேப்பா?"

"கை தானா போயிடுச்சு. அவன் பக்கத்துல இருக்கற மாதிரியே..."

அவர் முடிக்கத் தேவை இருக்கவில்லை. ஜாரட்டுக்குக் கோல் தெரிந்ததே ஹார்னால்தான். சுற்றிலும் சத்தம் கிளம்பியதும் "யாரு போட்டா?" என்று கேட்டுக்கொண்டே குறுக்கே சாய்ந்து, அப்பாவின் ஹார்னை எல்லாரையும் விட நீளமாக அடிப்பான். அவன் போன பிறகும் நெவில் அதே நீளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அவன் ஞாபகம்தான்," என்றாள் கீலி. "எறங்குப்பா. நீ எறங்கினாத்தான் மத்தவங்க எறங்குவாங்க."

"பாஸ்கோவா? அவன் இந்த மண்ணுல கால் வெச்சே பல வருஷம் ஆச்சு."

"நீ எறங்கு. அவர நான் பாத்துக்கறேன்."

அவர் இறங்கினார். முழங்கால் முறுக்கியது. வெயில் பிடரியில் அறைந்தது. கீலி அதற்குள் அடுத்த ஜன்னலில் நின்றாள்.

"ஏம்மா, நான் பாட்டுக்கு கைய மடியில வெச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கேனே?" என்றார் பாஸ்கோ.

"உங்க கையும் எங்கப்பா கை மாதிரிதான். அத நம்பித்தான் அங்க ஒருத்தன் மூக்கு ஒடஞ்சிருக்கு."

"வெளிய கொளுத்துது."

"தொப்பி இருக்கே?"

"அது வெயிலுக்கு இல்ல. மொட்டைய மறைக்கறதுக்கு."

அந்தப் பக்கத்து வண்டியிலிருந்து மோட்டல்காரி மெர்ல் தலையை நீட்டினாள். இடுப்பு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் வண்டியை விட்டு இறங்குவதே அபூர்வம். "பாஸ்கோ, என் மோட்டல்ல எல்லா ரூமும் நெறஞ்சு எத்தன நாளாச்சு தெரியுமா? இன்னிக்கு நெறஞ்சிருக்கு. இப்ப நீயா எறங்கறியா, நான் வந்து இழுத்துப் போடவா?"

"உன் இடுப்போடயா?"

"என் இடுப்பு ஒடஞ்சாலும் பரவாயில்ல, உன்ன எறக்காம விட மாட்டேன்."

பாஸ்கோ இறங்கினார். கீலி கிளப்பிலிருந்து நாற்காலி கொண்டுவந்து மெர்லை உட்காரவைத்தாள். பிறகு வண்டி வண்டியாக வேலியைச் சுற்றி நடந்தாள். கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்து ஏதோ சொன்னாள். சில இடங்களில் சிரிப்பு எழுந்தது. ஓரிடத்தில் லாரிக்காரன் முறைத்துவிட்டுத்தான் இறங்கினான். வண்டிகளில் வந்திருந்த நாய்களை, குரைப்பு கேட்காதபடி, ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நெவில் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவளுக்கு இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது? தன்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு அந்த இளைஞன் தன் இடத்துக்குத் திரும்பினான். யாரும் கைகூடத் தட்டவில்லை.

"ரெடியா?" என்று பந்து வீசுபவன் கேட்பதும், "ரெடி" என்று மட்டையாளன் சொல்வதும், "ப்ளே!" என்ற கூவலும் இப்போது வேலிவரை வந்தன. அதன் பின்னால் அந்தக் கிலுகிலுப்பு. ஊரே அதை அன்றுதான் கேட்டது. மெர்ல் வாயைப் பாதி திறந்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிலிப்பா யாரையும் பார்க்காமல் எல்லைக்கோட்டில் நின்றார்.

கடைசிப் பந்துக்கு வந்தபோது குர்ராபின் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டியிருந்தது. லாக்லன் மண்டியிட்டு மட்டையைத் தரையோடு வீசினான். பந்து நெவில் நின்ற பக்கமாகவே வந்தது. கிலுகிலுப்பு வளர்ந்தது, வெயிலில் காய்ந்த புல்லில் மெலிந்தது, எல்லைக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோயிற்று. நின்ற பந்துக்குக் குரல் இல்லை.

பஞ்சு வைத்த இளைஞன் ஓடி வந்து சட்டென்று நின்றான். அங்கே, தூரத்தில், லாக்லனும் கூட்டாளியும் ஒருவர் பேரை ஒருவர் கூவிக்கொண்டே முதல் ரன்னை முடித்து இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். மெர்ல் நெவிலின் சட்டைக் கையைப் பிடித்துத் திருகினாள். பாஸ்கோ கத்திவிடாமலிருக்கத் தொப்பியைக் கழற்றி வாயை அடைத்துக்கொண்டார். மொட்டைத் தலை வெயிலில் மின்னியது. கீலி பந்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

இளைஞன் முழங்காலிட்டான். உள்ளங்கையை விரித்து, உறங்கும் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல, புல்லை மெல்லத் தடவிக்கொண்டே முன்னால் வந்தான்.