போலீஸ் வருமுன் துடைத்த ஜன்னல்

“எதைத் துடைச்சே?”

“எல்லாத்தையும்தான்.”

“ஜன்னலையுமா?”

“பின்னே? ஜன்னலை மட்டும் அழுக்கா விட்டா, வர்றவங்க யாரைக் கேவலமா பேசுவாங்க? உங்களையா, என்னையா? போலீஸ் வருதுன்னு போன்ல சொன்னது நீங்கதானே?”

“அவங்க என்ன விருந்துக்கா வர்றாங்க? திருடன் கை வச்ச இடத்தைப் பார்க்க வர்றாங்கடி!”

கீழ்த்தளத்தில் நடந்த இந்தச் சண்டை மேல்மாடிவரை தெளிவாகக் கேட்டது. காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா இருக்க முடியும்?

அவளைத் தையலக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பிழைக்க வந்த அந்நிய நாட்டில், சுற்றுவட்டாரத்து நம் பெண்களின் ஜாக்கெட்டுகள் எல்லாம் அவள் மெஷினில்தான் பிறந்தன. அன்று மதியம் அவள் ஊக்கு வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து எவனோ பின்ஜன்னலை நெம்பி உள்ளே புகுந்திருக்கிறான். மெஷினையும், அதன் ஊசிக்கடியில் கிடந்த கல்யாண ஜாக்கெட்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேல்வீட்டு நர்ஸின் மகளுக்கு உரிய ஜாக்கெட் அது. டிவியை அவன் தொடவில்லை. அந்த டிவியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

புருஷனுக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. வந்த புதிதில் அவளும் அங்கேதான் குளிரறையில் நின்று பாக்கெட் போட்டாள். விரல்கள் மரத்துப்போய் ஊசியே பிடிக்க வராது என்று ஆனபிறகு, அழுது அடம்பிடித்து வெளியே வந்து இந்த மெஷினை வாங்கினாள். மெஷின் இருக்கும்வரை குளிரறை கிடையாது. இனிமேல்? அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பயந்துதான் வீட்டை அப்படித் துடைத்தாளோ என்னவோ.

ஒரு போலீஸ்காரியும் ஒரு போலீஸ்காரனும் வந்தார்கள். மொழி தெரிந்தவள் என்பதால் நர்ஸ் இறங்கி வந்தாள். வாய் அவர்களோடு பேசினாலும் மனசு முழுக்க ஜாக்கெட்டில் இருந்தது.

போலீஸ்காரி கையுறை மாட்டி, பொடியும் தூரிகையுமாக ஜன்னலருகே குனிந்தாள். எலுமிச்சை சோப்பு வாசனைதான் அடித்தது. திருடனை விடுங்கள், வீட்டுக்காரியின் கைரேகைகூட அங்கே இல்லை. போலீஸ்காரி ஏதோ சொல்ல, கூட வந்தவன் சிரித்தான்.

“என்ன சொல்றா?” என்றாள் தையலக்கா.

“இவ்வளவு சுத்தமான வீட்டை அவ சர்வீஸ்ல பார்த்ததே இல்லையாம்.”

அந்த நிலைமையிலும் தையலக்காவின் முகம் லேசாக மலர்ந்தது. புருஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

“மெஷின் நம்பர் கேட்கறாங்கக்கா. அடியில ஒட்டியிருக்குமாம்.”

“அந்த ஸ்டிக்கரா? அழுக்கு சேருதேன்னு வாங்கின அன்னைக்கே சுரண்டிட்டேனே.”

இதை மொழிபெயர்க்க நர்ஸுக்கே கூச்சமாக இருந்தது.

நல்ல கிளாஸில் ஊற்றிக் கொடுத்த டீயை இருவரும் வேண்டாம் என்றார்கள்.

“பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கமாட்டேங்கறாங்க. அப்புறம் எப்படிம்மா நமக்காக ஓடுவாங்க?”

“அதெல்லாம் நம்ம ஊர்லக்கா. ஜாக்கெட்டாவது கிடைக்குமான்னு கேட்கட்டுமா?”

“கேளு, கேளு. உன் காரியத்தைப் பாரு.”

கொஞ்ச நாள் கழித்து, பஸ் நிறுத்தத்துப் பழைய சாமான் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மெஷின் உட்கார்ந்திருந்தது. தையலக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். எதையெதையோ துடைத்தவள், மெஷினின் நெற்றியில் தான் வைத்த குங்குமப் பொட்டை மட்டும் ஒருநாளும் துடைத்ததில்லை. அது மங்கலாக அப்படியே இருந்தது. நர்ஸைக் கையோடு இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கிழட்டு அதிகாரி இருந்தார்.

“பொட்டுன்னா என்னன்னு கேட்கறார்க்கா.”

“சாமிப் பொட்டுன்னு சொல்லு. நானே வச்சதுன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். ‘சிவப்பா ஏதோ கறை’ன்னு எழுதிக்கிட்டார்.”

“கறையா? அவர் கண்ணுல கொள்ளி வைக்க! இப்பவே ஆள் அனுப்பச் சொல்லு.”

“அனுப்புவாங்களாம். ஆள் இருக்கும்போது.”

ஆள் கிடைத்து போலீஸ் போனபோது கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மின்விசிறி இருந்தது. மெஷினை விற்றாகிவிட்டது, யார் வாங்கியது என்று ஞாபகமில்லை என்றானாம் கடைக்காரன். அத்தோடு கேஸ் முடிந்தது என்று போனில் சொன்னார்கள்.

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்,” என்றார் புருஷன், குரலை உயர்த்தாமல். “திங்கட்கிழமை வந்துடு.”

மேல்மாடியில் காதைத் தீட்டி வைத்திருந்தவர்களுக்கு அன்று பெருத்த ஏமாற்றம். குளிரறையில் போட்டிருந்த பழைய கையுறையை அவள் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டதை மட்டும் பார்க்க முடிந்தது. கல்யாணத்துக்குள் விரல்கள் மறுபடி மரத்துவிட்டன. பந்தியில் அப்பளத்தை உடைக்கக்கூட அவளால் முடியவில்லை.

நர்ஸின் மகள் கடையில் வாங்கிய ஜாக்கெட்டில்தான் தாலி கட்டிக்கொண்டாள். தோள் தொளதொளவென்று தொங்க, முதுகில் ஊக்கு குத்திச் சமாளித்தார்கள். இப்போது புருஷனோடு வேறு தேசத்தில் இருக்கிறாள். பிள்ளைப்பேறு பார்க்கப் போன நர்ஸும் அங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் போலீஸ்காரி, கூடவே வந்து சிரித்தானே, அவனையே கட்டிக்கொண்டு மாற்றல் வாங்கிப் போய்விட்டாளாம். தையலக்கா மட்டும் இன்னும் அந்தக் குளிரறையில்தான் நிற்கிறாள்.