வானில் கிடந்த மூட்டைகள்

ரெங்கம்மாவுக்கு அந்தக் குளத்தின் மேல் பக்தி என்றே சொல்லவேண்டும். இலங்கை மலைநாட்டில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்து, கொழுந்துக் கூடையைச் சுமந்தே பாதி ஆயுளைத் தொலைத்தவள். கொஸ்லந்தைக்குக் கீழே, மலை முடிந்து காய்ந்த காடு தொடங்கும் இடத்தில் புருஷன் தம்பையா ஒரு துண்டு வயலைப் பிடித்து அவளைக் கூட்டிவந்தபோது, "வெளையிற நெல்லு நம்ம வீட்டுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நம்ம வீட்டுக்குத்தான், குளம் இருக்கிறவரைக்கும். மழை மாதங்களில் அது பிடித்துவைக்கிற தண்ணீரைத்தான் மற்ற மாதங்களில் வயல்கள் குடித்தன. அது போனால் வயலும் போச்சு. மறுபடியும் லயம்தான், விடியுமுன்னே வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கிற பெரட்டுதான், கங்காணியின் வாய்தான்.

குளத்தின் கரை வெறும் மண்ணைக் கொட்டி மிதித்த கட்டு. மண்கட்டு எவ்வளவு தண்ணீருக்கும் நெஞ்சு கொடுக்கும். தலைக்கு மேலே வழிந்தால் மட்டும் கரைந்துபோகும். அதற்காகத்தான் கட்டின் ஓரத்தில் தாழ்வாக ஒரு வாய் விட்டிருந்தார்கள், மிஞ்சின தண்ணீர் ஓடைக்குப் போய்ச் சேர. தம்பையா அதைக் கலிங்கு என்பான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த முப்பாட்டன் வழியாக அவனுக்குக் கிடைத்த சொல்.

போன வருஷம் கதிர் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் பத்தாமல் பாதி வயல் கருகிவிட்டது. இந்த வருஷம் தம்பையாவும் மற்றவர்களும் கலிங்கில் மண்மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார்கள். சும்மா ஓடிப்போகிற தண்ணீர் நமக்கென்று நிற்கட்டுமே என்ற ஆசை, வேறென்ன! ரெங்கம்மாவும் உட்கார்ந்து மூட்டைகளுக்கு வாய் தைத்துக் கொடுத்தாள்.

கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை கடைக்காரர் ஜுனைதீன் பதுளையிலிருந்து தன் வான் வண்டியில் உரமூட்டைகளை ஏற்றிவந்து, கடை வாசலில் நிறுத்திவிட்டு, "ரெங்கம்மா, கடையப் பாத்துக்க, தொழுதுட்டு வந்துர்றேன்" என்று சாமான் வாங்க வந்தவளிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனார். அந்தப் பக்கத்துக்கே ஒரு டெலிபோன்தான், அது அவர் கடையில்தான் இருந்தது. அவர் தலை மறைந்ததும் அது அடித்தது.

பேசியவர் இரகுநாதன். பதுளை அரசாங்கக் கந்தோரில் சின்னக் குளங்களைக் கவனிக்கிற அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். கலிங்கை அடைத்த கதை அன்றைக்குத்தான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. வான் வந்துசேர்ந்த பிறகு மண்சரிந்து பாதை மூடிவிட்டதால் ஓடிவர முடியாமல் டெலிபோனில் கத்துகிறார். பாழாய்ப்போன லைன்! கரகரப்பில் முதலில் சொன்னது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

"வானுக்குள்ளை கிடக்கிற மூட்டையளை இப்பவே எடுங்கோ! ஒண்டும் மிச்சம் வைக்க வேண்டாம். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சுங்க ஐயா."

"கெதியாச் செய்யுங்கோ!"

லைன் செத்துவிட்டது.

இரகுநாதனின் ஊர்ப்பக்கம் குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிகிற வாய்க்கு வான் என்று பெயர். குளம் வான் பாயுது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். ரெங்கம்மாவுக்குத் தெரிந்த வான் ஒன்றே ஒன்றுதான். அது கண்ணெதிரே நனைந்துகொண்டு நின்றது, உள்ளே மூட்டைகளோடு. அந்த உரத்தை அனுப்பியதும் இரகுநாதனின் கந்தோர்தான். பிறகு அவளை எப்படிக் குற்றம் சொல்வது? சொல்லுங்கள்!

தம்பையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஏங்க! இங்க வாங்க!"

"இரு புள்ள, கட்ட ஒரு தரம் பாத்துட்டு வந்துர்றேன்."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். பதுளையில இருந்து ஐயா கத்துறாரு, வான்ல உள்ள மூட்டையெல்லாம் ஒடனே எறக்கணுமாம்!"

அவன் திரும்பி வந்தான். பக்கத்து வயல்காரன் தினேஸையும் அவளே கூப்பிட்டாள். சாக்கால் தலையை மூடிக்கொண்டு மூவருமாக இறக்கினார்கள். "உரம் நனைஞ்சிரும்னு ஐயாவுக்கு எவ்வளவு கவல பாரு" என்றான் தினேஸ். கடைசி மூட்டையைக் கடைக்குள் தள்ளிவிட்டு ரெங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது குளத்துப் பக்கம் லாரி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஓடினார்கள். கட்டின் மேலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தம்பையா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலிங்கு மூட்டை ஒன்றைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. "விட்டுட்டு வாங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்!" என்று அவள் அலறினாள். தினேஸ் அவன் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்ததுதான் தாமதம், நடுக்கட்டு பிளந்தது. வீடுகள் மேட்டில் இருந்ததால் உயிர் ஒன்றும் போகவில்லை. வயல் போனது. நாற்று, வரப்பு, மேல்மண் எல்லாம் போய்க் கல்லும் மணலும் மிஞ்சின. ரெங்கம்மா மேட்டில் நின்று பார்த்தாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்!

பாதை திறந்ததும் இரகுநாதன் வந்தார். உடைந்த கட்டைப் பார்த்தபடி, "அம்மா, நான் மூட்டையளை எடுக்கச் சொன்னனானெல்லோ?" என்றார்.

"எடுத்தோமே ஐயா! ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. கடைக்குள்ள அடுக்கியிருக்கு, வந்து பாருங்க. நீங்க சொன்னபடிதானே செஞ்சோம், அப்புறம் ஏன் ஐயா ஒடஞ்சுச்சு?"

அவர் கடைக்குள் போய் உரமூட்டைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வான் எண்டது, அம்மா, குளத்திலை தண்ணி வழியிற இடம்" என்றார்.

"அது கலிங்குங்க" என்றான் தம்பையா. "கலிங்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் பறந்திருப்பேனே ஐயா." அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கட்டைப் பார்க்கப் போனவனைக் கூப்பிட்டு நிறுத்தியது யார் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

கட்டை எப்போது திருப்பிக் கட்டுவார்கள் என்று இரகுநாதனுக்கும் தெரியவில்லை. தை பிறந்ததும் ரெங்கம்மா பூனாகலையில் பெரட்டுக்குப் போய் நின்றாள். கங்காணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, சொந்த வயல், சொந்த நெல்லுன்னு போனீங்க. என்னாச்சு?"

"ஒரு வார்த்தை வெளங்கலீங்க கங்காணி."

அவள் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துக் கங்காணி கடகடவென்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவைத்தாள்.