பெண் பாக்கியமும் ஒரு ஜோடிக் கம்மலும்

பெர்மெத் கைப்பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கூடத்து ஜன்னலில் அவளுடைய செடி தொட்டி விளிம்பைத் தாண்டித் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் கொதித்தது. கடைக்காரர்கள் அதைப் பீஸ் லில்லி என்று விற்பார்கள். பிஷ்கெக் வீடுகளில் அதன் பெயர் பெண் பாக்கியம்; வளர்ப்பவளின் கல்யாண வாழ்வு அதில்தான் இருக்கிறது என்பார்கள்.

“அபா, நான் போனதுலேர்ந்து இதுக்குத் தண்ணியே ஊத்தலையா?”

அவள் தாய் குல்சுன் மாவுக் கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நான் எப்படி ஊத்துவேன்? அது உன் பாக்கியம். இன்னொருத்தி கை பட்டா அவ பக்கம் போயிடும்.”

“போனா என்ன, நீங்க இன்னொரு கல்யாணமா பண்ணிக்கப் போறீங்க?”

“வாயைப் பாரு. முதல்ல முகத்தைக் கழுவு. அவங்க வர்ற நேரம்.”

நரின் மலைக் கிராமங்களில் வைத்தியம் பார்க்கப் போன பல் டாக்டர் பெர்மெத், கணவாயில் பனி கொட்டி வழி அடைத்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். இன்று காலைதான் பாதை திறந்தது. இன்றுதான் எல்தியாரின் தாய் அவளுக்குக் கம்மல் போட வருகிறாள். கம்மல் காதில் ஏறிவிட்டால் பெண் நிச்சயமானவள். அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தவள் பெர்மெத். எல்தியாரைத் தவிர வேறொருவனை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தொட்டியைத் தூக்கப் போனபோது வாசல் மணி அடித்தது.

எல்தியாரின் தாய் அனார்குல் வெள்ளைத் தலைத்துணியும் புதுக் கோட்டுமாக வந்தாள். கூடவே அவளுடைய ஓர்ப்படி புருல். எல்தியார், மாப்பிள்ளை வரக்கூடாது என்ற வழக்கப்படி மேலே வராமல் கீழே காரிலேயே இருந்தான்.

புருலின் கண் நேரே ஜன்னலுக்குப் போனது. “அடடே, பொண்ணோட பாக்கியம் நமக்கு முன்னாடியே தூங்கப் போயிடுச்சே.”

அவள் சிரித்தாள். அனார்குல் சிரிக்கவில்லை. கைப்பைக்குள் போயிருந்த அவள் கை வெறுமையாக வெளியே வந்தது.

மேஜை நிறையப் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளும் பாலாடையும் பழ ஜாமும் இருந்தன. குல்சுன் தேநீர் ஊற்ற ஊற்ற, அனார்குல் கிண்ணத்தை வாங்கி அப்படியே கீழே வைத்தாள்.

“கம்மலுக்கு என்ன அவசரம், குல்சுன்? வசந்தம் வரட்டுமே” என்றாள்.

குல்சுனின் கையில் கெண்டி நின்றுவிட்டது. கம்மல் போட வந்தவர்கள் போடாமல் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பெர்மெத் எழுந்தாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ‘அவ்வளவுதானே’ என்று மனம் லேசாயிற்று. தொட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பேசினில் இறக்கி, இலைகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்தாள். வரும்போது கதவைச் சாத்திவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இங்கயே வச்சா நாங்களும் வேடிக்கை பார்ப்போமே” என்றாள் புருல்.

“வேண்டாம், எஜே” என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் பெர்மெத். “அதுக்கு வெறும் தாகம். கறி சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள எழுந்துடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அது எழுந்துச்சுன்னு எனக்குக் கம்மல் போட வேண்டாம். நான் அடுத்த தடவை வெளியூர் போனா மறுபடி விழும். அப்பவும் வந்து கழட்டிக்கிட்டுப் போவீங்களா? போடறதுன்னா கதவு சாத்தியிருக்கும்போதே முடிவு பண்ணுங்க.”

மேஜைக்கு அடியில் குல்சுன் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அனார்குல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உனக்கு இது விளையாட்டு. என் ஜிபெக் கல்யாணத்துக்கு இதே செடியைத்தான் குடுத்தனுப்பினேன். புருஷன் வீட்டை விட்டு வந்தப்போ அவ கையில இருந்ததும் இது ஒண்ணுதான். விழுந்து விழுந்து போச்சு. காலையிலயும் ஊத்தினேன், சாயங்காலமும் ஊத்தினேன். நிமிரவே இல்ல. அது செத்த அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, என் பொண்ணுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு. இன்னிக்கு உள்ள நுழைஞ்சதும் அதையே பாக்கறேன்.”

புருல் கையிலிருந்த போர்சோக்கைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

“தூக்கிப் போடும்போது மண்ணு நாறுச்சா?” என்று பெர்மெத் மெதுவாகக் கேட்டாள்.

“சேத்து நாத்தம். வேரெல்லாம் கறுத்துக் கொழகொழன்னு இருந்துச்சு.”

“அப்ப அது தண்ணியில முங்கிப் போயிருக்கு, அபா” என்றாள் பெர்மெத், தன் தாயை அழைப்பது போலவே. “தாகம் எடுத்தாலும் துவளும், தண்ணி மிஞ்சினாலும் துவளும். பாக்க ரெண்டும் ஒண்ணுதான். மண்ணைத் தொட்டாத்தான் தெரியும்.”

“அப்போ நான்தான் கொன்னேங்கறே.”

குல்சுன் கண்ணை மூடிக்கொண்டாள்.

“செடியை, ஆமா” என்றாள் பெர்மெத். “ஜிபெக் எஜேயோட பாக்கியத்தை நீங்க ஒண்ணும் பண்ணலை. அது அவங்ககிட்டயேதான் இருக்கு.”

அனார்குல் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிண்ணத்தை நீட்டினாள். குல்சுன் அவசரமாக ஊற்றினாள்.

அப்புறம் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஓஷ் நகரில் தையல் கடை வைத்திருக்கும் ஜிபெக்கைப் பற்றி, அவள் தைக்கும் சட்டைகளைப் பற்றி அனார்குலே சொன்னாள். புருலின் கடைவாய்ப் பல் வலிக்குப் பெர்மெத் இலவசமாக யோசனை சொன்னாள். நெடுநேரம் கழித்து, கறி எடுக்கக் குல்சுன் சமையலறைக்குள் போய் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தினாள். தட்டோடு திரும்பியபோது அவள் முகம் கல் மாதிரி இருந்தது.

“என்ன ஆச்சு, குல்சுன்?” புருல் எட்டிப் பார்த்தாள்.

“கறி வெந்துடுச்சு.”

“கறியையா கேட்டேன்?”

“வேற என்ன கேப்பே? சாப்பிடு.”

கறி முடியும் மட்டும் புருல் நெளிந்துகொண்டிருந்தாள். கடைசியில், “கை கழுவிட்டு வரேன்” என்று எழுந்தாள்.

“உட்காரு” என்றாள் அனார்குல். கைகளைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். சிவப்புப் பெட்டியில் பவளம் பதித்த வெள்ளிக் கம்மல்கள். “இங்க வா, பொண்ணே.”

பெர்மெத் மண்டியிட்டாள். கம்மல் இரண்டும் சரியாகவே ஏறின. அனார்குல் அவள் நெற்றியில் முத்தமிட்டு, ஓர்ப்படியைப் பார்த்தாள். “கதவு சாத்தித்தான் இருக்கு. நீதான் சாட்சி. நாளைக்கு ஊரெல்லாம் கதையை மாத்திச் சொல்லாதே.”

“நான் எப்போ மாத்தினேன்?” என்றபடியே புருல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

இலைகள் எழுந்து நின்றிருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் இன்னும் சோம்பலாகச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒற்றை வெள்ளைப் பூ.

புருல் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அனார்குல் மட்டும் சமையலறையில் நின்றாள். பெர்மெத் பின்னால் வந்தாள்.

“பக்கத்துல ஒரு கன்னு விட்டிருக்கு போல” என்றாள் அனார்குல்.

“மொத்தமும் உங்க வீட்டுக்குத்தானே வரப்போகுது, அபா.”

“எனக்கு இல்ல. ஓஷுக்கு.” அனார்குல் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா கேட்டு வாங்கினா பிடிக்காதும்பாங்க. திருடினாத்தான் வளருமாம்.”

பெர்மெத் சின்னக் கத்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கீழே எல்தியார் காரைவிட்டு இறங்கி, தோளில் பனி படிய அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் காட்டினாள். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பின்னால் ஈர மண்ணில் கத்தி இறங்கும் சத்தம் கேட்டது.

“இழுக்காதீங்க, அபா. வேரோட வரட்டும்.”

“நீதான் பாக்கலையே.”

“பாக்கலை. காது கேக்குதே.”