கயிற்றுக்கு அந்தப் பக்கம்

“இடது பக்கம் திருப்புங்க, ஹாஸ்கின்ஸ்,” என்றாள் வெர்லீன்.

சவவண்டியை ஓட்டிய கிழவர் ஒன்றும் கேட்காமல் திருப்பினார். முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெர்லீன். கதவோரம் அண்ணன் டெல்மர், நேற்றுத்தான் சிகாகோவிலிருந்து வந்து இறங்கியவன். பின்னால் பெட்டிக்குள் அப்பா லூஷியஸ். அதற்கும் பின்னால் சர்ச் ஆட்களின் கார்கள், பட்டப்பகலில் விளக்கு எரிய.

“கல்லறைக்கு நேராப் போகணும்,” என்றான் டெல்மர்.

“வீட்டு வழியாப் போய்ட்டுத்தான் கல்லறை. நம்ம சனம் அப்படித்தானே செய்யுது? வாசல்ல நிறுத்தி, கதவைத் திறந்து வச்சு, கிளம்புறேன்னு சொல்ல விட்டுட்டுத்தான் தூக்கிட்டுப் போவாங்க. ஊரை விட்டுப் போனதும் இதையும் மறந்துட்டியா?”

“எந்த வீடு? மனுசன் செத்தது உன் தகர வண்டி வீட்டுல.”

“பிறந்த வீடு. அப்பா கேட்டாரு.”

“அது வீடில்ல, வெர்லீன். மியூசியம். ராத்திரி பூரா சூதாடித் தோத்தவனுங்க காலையில வேடிக்கை பாக்க வர்ற எடம்.”

அதுவும் பொய்யில்லை. ஆற்றோரம் கேசினோக்கள் எழுந்தபோது பருத்திக்காடு கோல்ஃப் மைதானமாயிற்று. காட்டு நடுவில் நின்ற பலகை வீட்டை அப்படியே லாரியில் ஏற்றிக் வெள்ளத்தடுப்புக் கரைக்கு இந்தப் பக்கம் இறக்கி வைத்தார்கள். வீட்டோடு லூஷியஸும் போனார். சாயம் போன ஓவரால் உடையில் முன்தாழ்வாரத்து ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குப் பருத்தி எடுத்த கதையைச் சொல்வது வேலை.

“எடுத்து முதுகு ஒடிஞ்சது பத்தாதுன்னு, எடுத்த கதையைச் சொல்லி வேற பிழைச்சாரு,” என்றான் டெல்மர்.

“அந்தக் கதைதான் சோறு போட்டுச்சு. நீயா வந்து போட்ட?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டின் முன்னால் கேசினோ பஸ் நின்றிருந்தது. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் படி பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மியூசியத்து மேனேஜர் மிஸ் ஷெல்பி, சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு வேகமாக வந்தாள்.

“வெர்லீன், உங்க அப்பா எங்களுக்கும் சொந்தக்காரர் மாதிரிதான். வண்டியை நிறுத்திக்கோங்க, ஒண்ணுமில்ல. கதவுதான்... பாருங்க, பஸ் வந்திருக்கு. சாயங்காலம் மூடுன பிறகு திறந்தா ஆகாதா?”

“சாயங்காலம் அவரு மண்ணுக்குள்ள இருப்பாரு, மேடம்.”

மிஸ் ஷெல்பி பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். “இதுவும் டிக்கெட்டுல சேர்த்தியா?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

கைத்தடி ஊன்றிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “லூஷியஸ் இன்னைக்கு வரலையா? போன தடவை என்னை அழ வச்சுட்டாரு. கேக்கட்டும்னு வீட்டுக்காரரையும் இழுத்துட்டு வந்தேன்.”

“வந்திருக்காரும்மா,” என்றான் டெல்மர். “வண்டியில இருக்காரு. இன்னைக்குப் பேசுற மாதிரி இல்ல.”

கிழவி சவவண்டியைப் பார்த்தாள். அவள் புருஷன் தொப்பியைக் கழற்றினார். போன் கீழே இறங்கியது. மிஸ் ஷெல்பி படியேறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

ஹாஸ்கின்ஸ் வண்டியின் பின்கதவை வீட்டு வாசலுக்கு நேராகத் திறந்து வைத்தார். பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். சர்ச் பெண்கள் வாய் திறக்காமல் ராகத்தை மட்டும் இழுத்தார்கள்.

வெர்லீன் உள்ளே போனாள். பின்னாலேயே டெல்மரும் வந்தான். அந்தக் காலத்தில் குளிருக்கு ஒட்டியது போலவே சுவரில் பழைய செய்தித்தாளைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டில். அவர்கள் வீட்டில் ஒருநாளும் இல்லாத பூப்போட்ட மெத்தை விரிப்பு, மூலைகள் மடிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல். கேசினோ ஓட்டலில் நாளெல்லாம் படுக்கை விரிக்கிறவள் வெர்லீன். இதை விரித்தவள் கைதேர்ந்தவள் என்று அந்த அலுப்பிலும் தெரிந்தது.

“கட்டில் அதேதான்,” என்றான் டெல்மர். அம்மா அதில்தான் செத்தாள். டாக்டர் வரவேயில்லை.

“ம்.”

“அப்பா உள்ள வந்து இதுல உக்காருவாரா?”

“கயிறு கட்டிட்டாங்கள்ல. வேலைக்காரங்களும் தாண்டக் கூடாது. மழையடிச்சாலும் வெளியதான் இருப்பாரு.”

டெல்மர் கயிற்றருகே போனான். பிறகு கொக்கியை எடுத்துவிட்டு, போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் முனகியது. பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வாசல் வழியே தெரிந்த பெட்டியைப் பார்த்தான். கதவருகே நின்ற மிஸ் ஷெல்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே ராகம் நின்றது. ஹாஸ்கின்ஸ் தொண்டையைச் செருமினார். டெல்மர் எழுந்து, தங்கையைப் பார்க்காமல் வெளியே போனான்.

வெர்லீன் கயிற்றை மாட்டினாள். விரிப்பில் அவன் உட்கார்ந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. பழக்கத்தில் கை அதை நீவப் போயிற்று. கயிற்றுக்கு மேல் நீண்ட கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

“மூடிடவா?” என்றாள் மிஸ் ஷெல்பி.

“வண்டி திரும்புற வரைக்கும் இருக்கட்டும், மேடம்.”

மூன்று பேரும் மறுபடி நெருக்கி உட்கார்ந்தார்கள். “நாளைக்கு லீவா?” என்றான் டெல்மர்.

“காலையில ஷிப்டு.”

வண்டி நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் கதவு திறந்தே இருந்தது. பஸ் ஆட்கள் படிக்குக் கீழேயே நின்றார்கள். இன்னும் யாரும் உள்ளே போகவில்லை.