செல்வியின் பிறந்தமுடி

செல்வியின் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்து, இரட்டைச் சடை போட்டு முடிப்பதற்குள் ஒரு பகல் முழுக்க வயலில் நின்ற களைப்பு எனக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடமே. ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே முடி. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. போன சாரல் சீசன் முழுக்க அது காயவே இல்லை. மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குள் துணியே காயாது, முடி எங்கே காயும்?

“ஆச்சி, பேசாம குத்தாலத்துல கொண்டு உக்கார வைங்க. கொரங்கு நல்லா பாத்து எடுக்கும்” என்பாள் பக்கத்து வீட்டு ஸ்ரீதேவி.

“நீ முதல்ல போயி உக்காருட்டி. உன் தலையில இருந்துதான் இங்க ஏறுது.”

சிரிப்போம்தான். ஆனால் டீச்சர் போன் போட்டு, தலையைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள் என்று சொன்ன அன்று சிரிக்க முடியவில்லை.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பிறந்தமுடி அப்பா வழிக் குலசாமிக்கு உரியது. பங்குனி உத்திரத்தன்று அவர்கள் சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் இறக்க வேண்டும். செல்வியின் அப்பா சுடலைராஜ் குவைத்துக்கு லாரி ஓட்டப் போய், ஒரு விபத்து வழக்கில் அங்கே ஜெயிலில் கிடக்கிறான். அம்மா சத்யபிரியா என் தங்கை மகள். பிரசவத்தோடு மனசு சரியில்லாமல் போனவள், இன்னும் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். என் தங்கை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஞ்சியது நான்.

கடையத்தில் சுடலைராஜின் அப்பா குற்றாலிங்கம் இருக்கிறார். தீபாவளிக்கு யாரிடமாவது துணி கொடுத்து விடுவார். ஒவ்வொரு பங்குனிக்கும் கூப்பிடுவார் என்று பார்த்திருப்பேன். கூப்பிட்டதில்லை. பேத்தியைக் கழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். முடியை இறக்கி, இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், லீவுக்காவது அங்கே விட்டுவிட்டு நான் காலை நீட்டிப் படுக்கலாம். என் ஆசை அவ்வளவுதான்.

இந்த வருஷம் கூப்பிடாமலே போனேன். பஸ் மாறி, கடையத்தில் இறங்கி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரை வெயிலில் நடந்தேன். கோயிலைச் சுற்றி ஒரே அடுப்புப் புகை. குற்றாலிங்கம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் அகப்பையைக் கீழே வைத்தார்.

“வா தங்கச்சி.” பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “தாய்மாமன் வரலியா?”

“எந்தத் தாய்மாமன்? சத்யாவுக்குக் கூடப் பெறந்தவன் உண்டுமா? எம்மவன் பேச்சிராஜ்தான் மாமன். அவன் அஸ்ஸாம்ல பட்டாளத்துல கெடக்கான். வருசா வருசம் லீவு கேக்கான், குடுக்க மாட்டேங்காங்க.”

“அதான் நானும் கூப்பிடல. மாமன் வீட்டுலல்லா நாள் சொல்லணும்? அவனுக்கு லீவு கெடைச்சதும் சொல்லுவன்னு இருந்தேன்.”

“நீங்க கூப்பிடுவீங்கன்னுல்லா நான் இருந்தேன்!”

“எங்க வழக்கம் அப்படி.”

“எங்க வழக்கம் இப்படி. நல்லா இருக்கு போங்க அண்ணாச்சி. ரெண்டு வழக்கத்துக்கும் நடுவுல பேன்தான் கொழுத்துச்சு.”

மொட்டை போடுகிறவர் கத்தியோடு காத்திருந்தார். “பிள்ளை யாரு மடியில உக்காருது? வெரசா சொல்லுங்க, ஆளு நிக்கு.”

மாமன் வந்த பிறகு அடுத்த வருஷம் பார்ப்போமே என்றார் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர். குற்றாலிங்கம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அடுத்த வருசம் எட்டாயிரும், இரட்டைப்படை ஆவாது. அதுக்கடுத்த வருசம் மொட்டை போட அவளே விடுவாளா? நீ உக்காரு தங்கச்சி. இத்தனை வருசமா உன் மடியிலதானே கெடக்கா. சாஸ்தா கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

“தரையில உக்காந்தா என்னைத் தூக்க நாலு பேரு வேணும்.”

“தூக்குதோம். உக்காரு.”

உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் தீயாய் எரிந்தது. முடி கற்றை கற்றையாய் என் மடியில் விழுந்தது. “பெரியாச்சி, தலை குளுகுளுங்கு” என்றாள் செல்வி.

சந்தனம் பூசி முடித்ததும், பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன். “அண்ணாச்சி, முழுப்பரீட்சை லீவுக்கு இவ இங்கன இருக்கட்டுமா?”

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

“வீட்டுல இவ ஆச்சி படுத்த படுக்கையா கெடக்கா. எல்லாத்துக்கும் நான் ஒருத்தன். லீவு முழுக்க என்னால ஆவாது தங்கச்சி.”

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

“சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டாந்து விடுதேன். வாரா வாரம். எங்க வீட்டுப் பிள்ளை, இவ ஆச்சியும் மொகத்தைப் பாக்கட்டும். அதுக்கு மேல தெம்பு இல்ல.”

“எனக்கு மட்டும் இருக்காக்கும்? ஒரு ராத்திரி கெடைச்சா போதும்.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் கை பழக்கத்தில் செல்வியின் தலையில் பேன் தேடப் போனது. விரலில் சந்தனம்தான் ஒட்டியது. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை.

“பெரியாச்சி, எந்திரி. தென்காசி வந்துட்டு.”

பையைத் தன் தோளில் மாட்டியிருந்தாள். என் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்திருந்தாள். இனி மேலகரத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தேன்.

“ஏட்டி, சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாளு கெடக்கு?” என்று கேட்டேன்.