ஏற்கெனவே வந்தது

பாராட்டத்தான் அழைத்தார் அந்த மனிதர்.

"மேடம், உங்க வடிகட்டி சும்மா பின்னுது! ஆரம்பத்துல நூறு ரிப்போர்ட் வந்தா அம்பதை 'ஏற்கெனவே வந்தது'ன்னு தள்ளும். இப்போ எழுபத்தஞ்சைத் தள்ளுது. டாக்டருங்களுக்கு ஒரே சந்தோஷம்."

பேசியவர் மருத்துவமனைகளின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த வடிகட்டியை உருவாக்கிய ஆராய்ச்சியாளர். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்திருந்த அவள் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். பரிசோதனைக்கூடங்கள் கெட்ட ரிப்போர்ட்டை மட்டும்தான் டாக்டருக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று சந்தேகப்பட்டு ஒன்றையே இரண்டு தடவை அனுப்பும். கோடிக்கணக்கில் வந்து குவிவதில் எது பழசு, எது புதுசு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பார்த்தால் கட்டி வராது. அவள் வடிகட்டி எதையும் எழுதி வைக்காது. பெரிய விளக்குப் பலகை மாதிரி அது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்போது தனக்கான ஏழு விளக்குகளை ஏற்றிவிட்டுப் போகும். ஏழும் முன்பே எரிந்துகொண்டிருந்தால் அது ஏற்கெனவே வந்தது, தள்ளிவிடலாம். மற்ற ரிப்போர்ட்டுகள் ஏற்றிய விளக்குகளே தற்செயலாக ஏழாக அமைந்து எப்போதாவது ஏமாற்றும். அது லட்சத்தில் ஒன்று என்று நிரூபித்திருந்தாள். 'வரவில்லை' என்று சொன்னால் மட்டும் அது சத்தியம்.

"பலகையைக் கடைசியா எப்போ அணைச்சீங்க?"

"அணைக்கணுமா?"

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை நிறைந்துபோய், வராததையெல்லாம் வந்தது என்று சொல்லத் தொடங்கிவிடும். அதைக் கட்டுரையின் பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தாள். இதுகூடவா தெரியாது என்கிற எண்ணம். மெத்தப் படித்தவர்களுக்கே உரிய திமிர். பதினான்கு மாதமாக அது அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஐயோ, உடனே நிறுத்துங்க! தள்ளினதெல்லாம் எங்க இருக்கு?"

"எடுத்து வைக்கலையே மேடம். எதையும் எடுத்து வைக்க வேணாம்கிறதுதானே உங்க ஆராய்ச்சியே?"

"எல்லா லேபையும் பழசையெல்லாம் திரும்ப அனுப்பச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்."

ஒரு வாரம். அப்போதுதான் தங்கையின் கழுத்து நினைவுக்கு வந்தது. இருபத்திமூன்று நாளுக்கு முன்னால் அங்கே ஒரு சின்னக் கட்டியில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்திருந்தார்கள். கெட்டதாக இருந்தால் டாக்டர் ஃபோன் பண்ணுவார் என்றார்கள். ஃபோன் வரவில்லை. ஒன்றுமில்லை என்று தைரியம் சொன்னவளே இவள்தான்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நம்பர் மட்டும் கேட்டுப் பாருங்க," என்று கைப்பையில் இருந்த தங்கையின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் படித்தாள். வரவில்லை என்று சொல்லட்டும், வரவில்லை என்று சொல்லட்டும் என்று வாய் முணுமுணுத்தது. அப்படிச் சொல்லிவிட்டால் கெட்ட ரிப்போர்ட்டே கிடையாது.

"ஏற்கெனவே வந்ததுங்குது மேடம்."

"வாய்க்கு வந்த பத்து நம்பரைப் போட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். அவர் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு வந்துச்சுங்குது, அஞ்சு வரலைங்குது."

எட்டு வருட ஆராய்ச்சி காசைச் சுண்டிப் பார்ப்பதில் வந்து நின்றது. பரிசோதனைக்கூடத்துக்கு ஃபோன் போட்டாள். ஃபோனில் சொல்ல மாட்டோம், நேரில் வாருங்கள் என்றார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் படியிறங்கி வாசலுக்கு வந்தால், மஞ்சள் பள்ளி வேன் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் சாட்சாத் தங்கைதான். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு இந்த வழியாகத்தான் தினமும் திரும்புவாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"லேப் வரைக்கும் கொண்டு போய் விடுடி. ஒரு வேலை இருக்கு."

"உன் கம்ப்யூட்டர் படுத்துடுச்சா? ஏறு ஏறு. சின்னப் பசங்க சீட்டுதான், அடக்கமா உக்காரு."

வழியெல்லாம் தங்கை ஓயாமல் பேசினாள். எவனோ ஒரு பொடியன் ஷூவை ஜன்னல் வழியாக எறிந்த கதை. இவள் முன்னால் தொங்கிய கண்ணாடியில் தங்கையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என் கழுத்தைப் பத்திக் கேக்கத்தான் போறியா? விடுக்கா. ஃபோன் வந்தாதானே பிரச்சனை? நீதானே சொன்ன?"

"அதெல்லாம் இல்லை. நீ வண்டியிலயே இரு."

பரிசோதனைக்கூடத்துப் பெண்ணுக்கு இவளை அடையாளம் தெரிந்தது. அன்றைக்குக் கூட வந்தவள்தானே. எண்ணைத் தட்டிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "டாக்டர் இன்னும் கூப்பிடலையா?"

கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள் இவள்.

"உடனே வரச் சொல்லணும்னு போட்டிருக்கே! ரிசல்ட் வந்த அன்னிக்குக் காலையில ஒரு தடவை அனுப்பினோம். 'ஏற்கெனவே வந்தது'ன்னு பதில் வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு மத்தியானமும் அனுப்பினோம். அதே பதில். சரி, பாத்துட்டாங்கன்னு விட்டுட்டோம்." பிறகு இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இருபத்திமூணு நாள்தாங்க ஆகுது. இப்பவே போனா வைத்தியம் இருக்கு. இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேன். தங்கை ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவைத் தாண்டிப் போய், அந்த முகத்தை நேரே பார்த்து, இந்தத் தாளைக் கொடுக்கத் தன்னால் ஆகாது என்று தெரிந்தது. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

வேனுக்குள் மணி அடித்தது. தங்கை திரையைப் பார்த்தாள், தலையைத் தூக்கி வாசலில் நிற்கிற அக்காவைப் பார்த்தாள், சிரித்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள்.

"லூசாக்கா நீ? பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு எதுக்கு ஃபோன் பண்ற?"

இவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தங்கையின் சிரிப்பு மெல்ல அடங்கி, அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.